புதுச்சேரியில் இரவு: ஆறு பேர், ஒருவர் குடிக்க மாட்டார், கடல் சத்தம் கேட்க வேண்டும்

நெய்வேலி நிலா

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 25, 26 தேதிகளில் கல்லூரித் தோழர்கள் ஆறு பேர் புதுச்சேரியில் கூடுகிறோம். படிப்பு முடிந்து இருபது வருடம் ஆகிறது. நான்கு ஆண்கள், நான், இன்னொரு தோழி. ஐந்து பேர் அளவாகக் குடிப்போம். ஆறாவது ஆள் ஒரு காலத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் குடித்தவன். நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. "நீங்க குடிங்க, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்கிறான். அவனைச் சும்மா உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்பது இவ்வளவுதான். பேசினால் காதில் விழ வேண்டும். கடல் சத்தமும் கேட்டால் நல்லது. இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் பக்கத்து மேசை திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது. தேடிப் பார்த்தால் எங்கும் ஒரே பத்துப் பெயர்தான் வருகிறது, எல்லாப் படத்திலும் ஒரே நீல விளக்கு. ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை முருகு

முதலில் தேதியை மாற்றுங்கள். 26 குடியரசு தினம், மதுக்கடை மூடல். வருடா வருடம் அன்று மதியம் வந்து இறங்கி, இழுத்து மூடிய ஷட்டர் முன்னால் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ம் அப்படித்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் பூட்டுதான். பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது.

இப்போது இடம். வெளியூர்க்காரர்கள் "பாண்டி பார்" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வேறு வேறு உலகம். கடற்கரைச் சாலையிலும் அதை ஒட்டியும் இருக்கும் ஓட்டல்களின் மொட்டை மாடி ஒன்று. வெள்ளை நகரத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டலாக்கி, நடு முற்றத்தில் மேசை போட்டிருப்பது இன்னொன்று. அமைதியாக இருக்கும், பில் கனக்கும். பெரிய வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதி, மகாத்மா காந்தி சாலை, அண்ணா சாலைப் பக்கம் வந்தால் ரெஸ்டோ பார்கள், அதாவது உணவகமும் பாரும் சேர்ந்த இடங்கள். டிஜே, பவுன்சர், கையில் முத்திரை எல்லாம் அங்கேதான். கடைசியாக, கீழே கடை, மேலே ஏசி பார் என்று ஊர் முழுக்க இருப்பவை. வேலை முடிந்து எங்கள் ஊர்க்காரர்கள் உட்காருவது அங்கேதான். பேச்சு காதில் விழும், ஆனால் நீங்கள் கேட்ட மூன்றாவது நிபந்தனைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கடல் சத்தம் வேண்டும் என்றால் முதல் வகைதான். இரண்டு தெரு உள்ளே வந்துவிட்டால் காற்று வரும், சத்தம் வராது. கடைப் பெயர் எழுதமாட்டேன். இன்று நான் சொல்லும் பெயர்ப்பலகை நீங்கள் வரும்போது இருக்காது, இருந்தாலும் உள்ளே நடத்துகிறவர் மாறியிருப்பார். மாலை ஆறரைக்குப் போய்ப் படியேறிப் பாருங்கள். இன்று டிஜே உண்டா என்று கேளுங்கள். மேடையில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தால் அடுத்த மாடி. இரவு 11 மணிக்குக் கடைசி ஆர்டர் என்று வைத்துத் திட்டமிட்டால் அவசரம் இருக்காது.

அந்த நண்பருக்கு நான் சொல்வது கடற்கரைச் சாலைதான். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி போக முடியாது. காந்தி சிலை, அதைச் சுற்றி செஞ்சியிலிருந்து வந்த கல் தூண்கள், 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம். சாலை முழுக்கக் கால்நடையாகவே ஜனம். பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் லெ கஃபேயில் ஒரு காபி வாங்கிக்கொண்டு அலைக்கு மேல் உட்காரலாம். என்னைக் கேட்டால் இந்த ஊரின் இரவு அங்கேதான் இருக்கிறது. பார் அதற்கு ஒரு துணைப்பதார்த்தம்.

திண்டிவனம் சுரேஷ்

எதுக்கு பாரு? ரூம்லயே உட்காருங்க. பாட்டில் விலை நம்ம ஊர்ல பாதி. திரும்பும்போது ஆளுக்கு நாலு ஃபுல் வண்டியில் போட்டுக்கிட்டா வந்த செலவு கையில் நிற்கும்.

கடலூர் கதிர்

சுரேஷ் தம்பி, இதை யாரும் நம்பிச் செய்துவிடக் கூடாது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

விலை வித்தியாசம் வருவது வரியால். மது ஜிஎஸ்டிக்குள் இல்லை, அந்தந்த அரசு தன் கலால் வரியைத் தானே வைக்கிறது. புதுச்சேரியில் அது காலம் காலமாகக் குறைவு. ஆனால் "பாதி விலை" பழைய கதை. 2020-இல் ஊரடங்குக்குப் பிறகு கடை திறந்தபோது தமிழ்நாட்டு விலைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தச் சிறப்பு வரி பிறகு போனாலும், "பாதி" என்று நம்பி வராதீர்கள்.

இரண்டாவது விஷயம் பெரியது. பாட்டிலிலேயே "புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு" என்று அச்சடித்திருக்கும். எல்லையைத் தாண்டினால் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்கு. பாட்டிலோடு வண்டியும் போகும். என் சித்தப்பா மகன் தங்கை கல்யாணத்துக்கு என்று ஸ்கூட்டர் பெட்டியில் ஆறு பாட்டில் வைத்து வந்தான். கல்யாணத்தன்று அவன் வெளியில் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் சித்தி மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டருக்கு ஒன்றரை வருடம் அலைந்தான், கடைசியில் கைகழுவிவிட்டான். அவன் தப்புதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆறு பாட்டிலில் மிச்சமாகியிருக்கக்கூடிய பணத்தையும் அந்த மண்டபத்து வாசலையும் சேர்த்து யோசியுங்கள்.

எல்லை எங்கே என்று தெரியாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. முத்தியால்பேட்டை புதுச்சேரி, அடுத்துக் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. எல்லோரும் "பாண்டி பீச்" என்று படம் போடும் செரினிட்டி கடற்கரை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆரோவில்லும் பெரும்பகுதி அப்படியே. அங்கே அறை எடுத்துவிட்டு ஊருக்குள் வாங்கிக்கொண்டு போனாலும் எல்லை தாண்டியதுதான்.

முத்தியால்பேட்டை முருகு

கதிர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் தெருவிலிருந்து பால் வாங்கப் போனாலே மாநிலம் மாறும்.

பழைய சப்ளையர்

நான் பன்னிரண்டு வருடம் இந்த ஊர் பார்களில் சப்ளையராக இருந்தேன். மூன்று கடை. இப்போது சொந்தமாக மெஸ் வைத்திருக்கிறேன். நிலா அக்காவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெக் கேட்டால் மேசைக்கு வந்து ஊற்றச் சொல்லுங்கள். சின்னது 30 மில்லி, பெரியது 60. ஐஸ் போட்ட தம்ளரில் ஊற்றி எடுத்துவந்தால் 60-க்கும் 45-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அளவுக்குவளை மேசைக்கு வந்தால் யாரும் குறைக்க முடியாது. பீர் மூடியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. கேட்கிற மேசையில் வேலை சுத்தமாக இருக்கும், முதலாளி குறைக்கச் சொன்னாலும் "அந்த மேசை பார்க்குது" என்று நாங்களும் தப்பிப்போம்.

சைட் டிஷ்ஷில் நெத்திலி வறுவல், கடம்பா (கணவாய்), சுறாப்புட்டு இவற்றை ஏழு எட்டு மணிக்கே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வரும் மீன், அதே எண்ணெயில் மூன்றாவது முறை போனது.

அப்புறம், டிப்ஸ் கையில் கொடுங்கள். பில்லோடு சேர்த்து அட்டையில் போட்டால் பல கடையில் அது எங்களிடம் வராது. நான் வேலை செய்த காலத்தில் சம்பளம் சாப்பாட்டுக்கு, டிப்ஸ் வீட்டு வாடகைக்கு. கடைசி மேசை எழுந்த பிறகுதான் எங்கள் வேலை பாதி. மேசை துடைத்து, தம்ளர் கழுவி, சாம்பல் தட்டு கொட்டி, உடைந்ததை எண்ணி எழுதி முடிக்க ஒரு மணி ஆகும். அரியாங்குப்பம் போக அந்நேரம் பஸ் ஏது? ஆற்றுப் பாலத்தில் நடந்துபோகும்போது கையை முகர்ந்தால் எலுமிச்சையும் சிகரெட்டும் சேர்ந்த ஒரு வாடை இருக்கும். சோப்புப் போட்டாலும் மறுநாள் மதியம்வரை போகாது. என் பெண் சின்ன வயதில் அதை "அப்பா வாசனை" என்பாள்.

வானூர் வனிதா

நிலா, பெண்கள் விஷயம் நான் சொல்கிறேன். நானும் தோழிகளும் மாதம் ஒருமுறை போகிறோம். உட்காரும் முன் பெண்கள் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா. அங்கே காலி பாட்டில் பெட்டி அடுக்கி வைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்காத இடம் அது, மேலே எவ்வளவு அழகாக விளக்குப் போட்டிருந்தாலும் சரி. இந்தச் சோதனை எனக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

திரும்பிப் பார்ப்பது வார நாளில் மிகக் குறைவு. சனிக்கிழமை வெளியூரிலிருந்து பத்துப் பதினைந்து பையன்களாக வரும் கூட்டம்தான் தொல்லை. செவ்வாய், புதன் முடியுமா பாருங்கள்.

துமா வீதி

நான் வெள்ளை நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். வீட்டில் மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் ஒயின் குடிப்பார், பிறகு மாலையில் பெத்தாங் குண்டு விளையாடப் போவார். குடி எங்களுக்குப் புதிதில்லை, அதை எதிர்த்தும் நான் எழுதவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயது, படுக்கையில் இருக்கிறார். எங்கள் பின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரெஸ்டோ பார் வந்தது. பாட்டு வராது, வார்த்தை வராது, பேஸ் என்கிற அந்த அடித்தாள அதிர்வு மட்டும் வரும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தண்ணீர்ச் செம்பு. அதில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். அம்மா அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். "நிறுத்தச் சொல்லேன்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது சொல்வதையும் விட்டுவிட்டார். வாசலில் பைக் உறுமல், ஒரு மணிக்குத் தெருவில் சண்டை, காலையில் கதவருகே வாந்தி. கோலம் போடும் முன் நான் பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன்.

இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபெல் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. புகார் கொடுத்தால் அன்று ஒரு நாள் குறையும். அடுத்த சனிக்கிழமை பழையபடி.

இங்கே இடம் கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் உட்காரும் மாடிக்குப் பின்னால் ஒரு படுக்கையறை ஜன்னல் இருக்கலாம்.

சுற்றுலாத் தோழன்

அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் நான் அறைகள் வாடகைக்கு விடுகிறேன், பதினோரு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். மில்கள் மூடிய பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்? ரோடியர் மில்லில் என் அப்பா வேலை பார்த்தார். இன்று அந்த இடம் எப்படிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரெஸ்டோ பாரை மூடச் சொன்னால் சமையல்காரர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா வரைக்கும் பாதிக்கும். பாட்டுக் கேட்கத்தான் சின்ன வயதுக்காரர்கள் வருகிறார்கள்.

துமா வீதி

மூடச் சொல்லவில்லை தம்பி. சுவரில் ஒலித்தடுப்பு போடச் சொல்கிறேன். பேஸைக் குறைக்கச் சொல்கிறேன். வீடுகளுக்கு நடுவே புதிதாக உரிமம் தர வேண்டாம் என்கிறேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்க்க வருவது இந்த வீடுகளையும் இந்த அமைதியையும்தானே? அதைக் கெடுத்துவிட்டு எதை விற்பீர்கள்?

பழைய சப்ளையர்

நான் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். அந்த ஸ்பீக்கருக்கு அடியில் நாங்களும்தான் நிற்கிறோம். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று காதில் விழாமல் வாயைப் பார்த்து ஆர்டர் எடுத்திருக்கிறேன். எனக்கு இடது காது இப்போது சரியாகக் கேட்காது. சத்தம் குறைந்தால் வியாபாரம் குறையும் என்று முதலாளிகள் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, சத்தம் அதிகமானால் ஆட்கள் பேசாமல் வேகமாகக் குடிக்கிறார்கள், பில் ஏறுகிறது. சண்டையும் அங்கேதான் வருகிறது. துமா வீதி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஒன்பதாம் வருடம்

இந்த இழையில் என்னை இழுத்தது நிலா சொன்ன அந்த ஆறாவது ஆள். நான் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. மூன்றாவது வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தைரியம் வந்துவிடும், அதுதான் அபாயம்.

முதலில் அவரைத் தனியாகக் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். குழுவில் கேட்டால் "எனக்கொன்றும் இல்லை" என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பாரில் உட்காருவதானால் சுவரோரம் வேண்டாம், படிக்கட்டுப் பக்கம் இடம் கொடுங்கள். எழுந்து போக ஐந்து பேரைத் தாண்ட வேண்டியிருந்தால் எழ மாட்டார். அவருக்கு வருவதை அவரே சொல்லட்டும், அவர் கையாலேயே வாங்கட்டும். ஒருமுறை என் முன்னால் வைத்த எலுமிச்சைச் சாற்றில் வோட்கா இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, தட்டில் தம்ளர் மாறிவிட்டது. உதட்டில் பட்டவுடன் தெரிந்தது. நாக்கு அதை அடையாளம் கண்ட வேகம் இருக்கிறதே, எட்டு வருடம் கழித்துப் பார்த்த உறவுக்காரனைப் போல. எழுந்து கீழே போய்த் தெருக்குழாயில் வாய் கொப்பளித்தேன். கை நடுக்கம் நிற்க அரை மணி ஆனது.

இன்னொன்று. நேரத்தை அவர் முடிவு செய்யட்டும். "ஒன்பதரைக்கு எல்லோரும் எழுகிறோம், கடற்கரைக்குப் போகிறோம்" என்று முன்பே பேசிவையுங்கள். குடிக்காதவருக்குக் கஷ்டமானது முதல் சுற்று இல்லை, நான்காவது சுற்று. எல்லோரும் ஒரே கதையைத் திரும்பச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிப்பார்கள், அவர் மட்டும் இரண்டாவது முறையாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

குடிக்காத ஆள் இருக்கிறார் என்று வண்டியை அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் விருந்தாளி, டிரைவர் இல்லை. ஆட்டோ வையுங்கள்.

கடலூர் கதிர்

வண்டி என்றதும் ஒன்று. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் வழக்கு, முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு ஸ்ட்ராங் பீரே பலருக்கு அந்த அளவைத் தாண்ட வைக்கும். காபி குடித்தால், முகம் கழுவினால் இறங்காது. ஈசிஆரில், அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரவு ஓட்டவே ஓட்டாதீர்கள்.

மரக்காணம் மணி

பார், லவுஞ்ச் எல்லாம் இருக்கட்டும், கள்ளை யாரும் சொல்லவில்லையே? தமிழ்நாட்டில் 1987-இல் தடை வந்தது, புதுச்சேரியில் இன்றும் ஏலம் விட்டுக் கள்ளுக்கடை நடக்கிறது. கிராமப் பக்கம் போய்க் காலையில் குடித்துப் பாருங்கள். இறக்கியவுடன் இளநீரும் மோரும் கலந்தது போல இருக்கும். மதியத்துக்குள் புளித்து ஏறிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், அவ்வளவுதான். அந்த நண்பருக்கு இது வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நெய்வேலி நிலா

எல்லோருக்கும் நன்றி. தேதி மாற்றி, பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போய் வந்தோம். நடந்ததை எழுதாவிட்டால் முறையில்லை.

ஒன்பதாம் வருடம் அண்ணா சொன்னபடி அவனைத் தனியாகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாடிக்கு வரேன், ஒரு மணி நேரம். அதுக்கு மேல முடியாது நிலா" என்றான். மூன்று வருடத்தில் "முடியாது" என்று அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முருகு சொன்னபடி ஆறரைக்கு இரண்டு மாடி ஏறி இறங்கினோம். ஒன்றில் ஸ்பீக்கர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் வனிதா சொன்ன பாட்டில் பெட்டி அப்படியே இருந்தது! மூன்றாவதில் உட்கார்ந்தோம். படிக்கட்டுப் பக்கம் அவன். பெக் மேசைக்கு வந்து அளந்து ஊற்றினார்கள். நெத்திலி எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது. எட்டரைக்கு அவன் கடிகாரத்தைப் பார்த்தான், எல்லோரும் எழுந்துவிட்டோம். தோழி பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

பிறகு கடற்கரைச் சாலை. கலங்கரை விளக்கத்திலிருந்து தலைமைச் செயலகம் வரை நான்கு முறை நடந்திருப்போம். சுண்டல், லெ கஃபே காபி, மறுபடி சுண்டல். அவன்தான் அதிகம் பேசினான். நிறுத்திய முதல் மாதம் எப்படி இருந்தது என்பதை எங்களுக்கு அன்றுதான் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

முருகு, ஒரு சந்தேகம். கடல் சத்தம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி கேட்டதே, ஏன்?

முத்தியால்பேட்டை முருகு

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். காந்தி சிலைக்குத் தெற்கே பாறையில் அலை அறைகிறது. தலைமைச் செயலகம் பக்கம் மணலில் ஏறி இழுத்துக்கொண்டு இறங்குகிறது. எண்பதுகளின் கடைசியில் துறைமுக முகப்பில் கல் தடுப்பு வந்த பிறகு மணல் வடக்கே வருவது நின்று, இந்தக் கரை முழுக்க அரித்துப்போனது. பாறை கொட்டித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். சில வருடத்துக்கு முன் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தண்ணீருக்கடியில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள், அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்தது. என் அப்பா தலைமுறை கேட்ட சத்தம் அந்த மணல் சத்தம். அடுத்த முறை வந்தாலும் பாறையில் மட்டும் இரவில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும்.

துமா வீதி

திரும்பும்போது எந்த வழியாகப் போனீர்கள்?

நெய்வேலி நிலா

உங்கள் தெரு வழியாகத்தான் அம்மா. பதினொன்றேகால் இருக்கும். தெருமுனையிலேயே பேச்சை நிறுத்திவிட்டோம். ஒரு வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. உங்கள் வீடா என்று தெரியவில்லை.

பழைய சப்ளையர்

டிப்ஸ் கையில் கொடுத்தீர்களா அக்கா?

நெய்வேலி நிலா

கையில்தான்.